கையொப்பம் இல்லாத பதினோரு நாட்கள்

அக்காவின் திரையில் அந்தச் சின்னச் சாம்பல் நிறப் பெட்டியை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். கடவுச்சொல்லைக் கேட்கும் பெட்டி அது. அக்கா தட்டெழுதினார்; பெட்டி மறைந்தது. இரண்டு நொடியில் திரும்ப வந்தது. திரும்பவும் தட்டெழுதினார். பதினைந்து முறை வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ணுவதை நான்தான் நிறுத்தினேன், அவர் தட்டெழுதுவதை நிறுத்தவில்லை. கீரை ஆய்கிற கைகளைப் போல அவர் விரல்கள் ஒரே சீராக, அவசரமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தன. பக்கத்தில் இருந்த டீ ஆடை கட்டிப்போயிருந்தது. “இன்னும் எத்தினி தபா கேக்கும்னு தெரியல தம்பி. பாதில உட்டா மொதல்லேர்ந்து வரணும்,” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு தொழிற்சாலையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. மேனேஜரைத் தவிர்த்து மொத்தம் ஏழு பேர். ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு மென்பொருள் செய்து கொடுத்தோம். நான் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஐயப்பன்தாங்கலில் வாடகைக்கு இருந்தேன். அந்தக் குழுவுக்கு லீட். அக்கா நசரத்பேட்டைக்காரர். அவர் கணவர் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் மெத்தை தைக்கும் கடை வைத்திருந்தார். அக்கா என்னைவிட இரண்டே வயது மூத்தவர்தான். ஆனாலும் சேர்ந்த முதல் வாரத்திலேயே அலுவலகம் முழுவதற்கும் அக்காவாகிவிட்டார். வாடிக்கையாளர்களிடம் போனில் பேசும்போது செய்தி வாசிப்பவரைப் போலப் பேசுவார். போனை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினால் பூந்தமல்லி வந்துவிடும்.

அந்தப் பெட்டி ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மென்பொருளைச் சரிபார்க்க நாங்களே எழுதிய இன்னொரு நிரல் உண்டு. அதைத்தான் டெஸ்ட் என்போம். ஒரு சிறு மாற்றம் செய்தாலும் அந்த டெஸ்ட்கள் முழுவதையும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் மாற்றத்தை எல்லோருக்கும் பொதுவான நிரலில் சேர்க்க வேண்டும். ரத்தத்தில் எது எவ்வளவு இருக்க வேண்டும் என்ற அளவுப் பட்டியலில் பரிசோதனை நிலையம் எதை மாற்றினாலும் அதை வரலாறாகச் சேமித்து வைப்பது எங்கள் மென்பொருளின் வேலைகளில் ஒன்று. நாங்கள் நிரலின் மாற்றங்களைச் சேமிக்கப் பயன்படுத்தும் அதே கருவியைத்தான் அதற்குள்ளும் வைத்திருந்தோம். ஆகவே டெஸ்ட் ஓடும்போது நூற்றுக்கணக்கான பொய் மாற்றங்களைச் சேமித்துப் பார்க்கும். மற்ற ஆறு பேரின் கணினியிலும் அது சத்தமில்லாமல் ஓடி முடிந்துவிடும். அக்காவின் கணினியில் மட்டும் ஒவ்வொரு பொய் மாற்றத்துக்கும் பெட்டி எழுந்து கடவுச்சொல்லைக் கேட்கும். ஏனென்றால், தான் சேமிக்கும் எல்லா மாற்றத்திலும் தன் டிஜிட்டல் கையொப்பம் விழ வேண்டும் என்று அக்கா தன் கணினியில் அமைத்து வைத்திருந்தார். அதற்கான சாவி அவரிடம் மட்டுமே இருந்தது. அதைத் திறக்கும் கடவுச்சொல்லைக் கணினி ஒருபோதும் நினைவில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அவருடைய ஏற்பாடு.

எங்களில் வேறு யாரும் கையொப்பமிடுவதில்லை. அக்காவுக்கு அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது எனக்குச் சில மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு மழைநாளில் பஸ் வராமல் எஸ்டேட் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது அவராகவே சொன்னார். முந்தைய வேலையில் யாரோ செய்த ஒரு தவறான மாற்றம் அவர் பெயரில் பதிவாகியிருந்தது. மாற்றத்தோடு போகும் பெயர் வெறும் எழுத்துதான். யார் வேண்டுமானாலும் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அந்த அலுவலகத்தில் அதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. “உன் பேருதானே போட்டுக்குதுன்னாங்க. அத்தோட முடிஞ்சுது. மூணு வருசம் ஊட்ல உக்காந்துகினு இருந்தேன் தம்பி. அந்த மூணு வருசத்துல நானா கத்துகினதுதான் இந்தக் கையெழுத்து,” என்றார். சொல்லும்போது குரலில் கசப்பு இல்லை. மழை விட்டதா என்று கையை நீட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் நான் அவரிடம், “டெஸ்ட் ஓட்டும்போது மட்டும் அதை ஆஃப் பண்ணிடுங்க அக்கா,” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அணைத்தால் திரும்பப் போட மறந்துவிடுவேன் என்பார். ஒருநாள் நான் கொஞ்சம் கடுமையாகவே, உங்கள் ஒருவருக்காக எல்லோரும் காத்திருக்க முடியாது என்றேன். அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

“நான் பூட்டு போட்டுகினு கீறது என் ஊட்டுக்கு. உங்க டெஸ்ட் எதுக்கு தம்பி என் ஊட்டுக்குள்ள வந்து சாவியத் தேடிகினு கீது? அத மொதல்ல கேளுங்க.”

அவர் சொன்னது உவமையெல்லாம் இல்லை. கணினியில் ஒவ்வொருவருக்கும் இருக்கும் சொந்த இடத்துக்குப் பெயரே ஹோம்தான். அவரவர் பெயர், சாவி, பழக்கவழக்கங்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். டெஸ்ட் அதற்குள் போய்ப் பார்க்காமல் தனக்கென்று ஓர் இடத்தில் ஓட வேண்டும் என்று அவர் சொன்னார். அது எனக்குப் புரிந்தது. ஆனால் அப்படி மாற்றியமைக்க இரண்டு மூன்று நாள் ஆகும். வேலை தலைக்குமேல் இருந்தது. அடுத்த நாள் மதியம் சாப்பிடப் போவதற்கு முன்னால், டெஸ்ட்கள் தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். கையொப்பத்தை அணைத்துவிடு என்கிற வரி. அதை டெஸ்ட்டின் தற்காலிகக் கோப்புறைக்கு மட்டும் என்று எழுதியிருக்க வேண்டும். நான் டெஸ்ட் ஓடும் கணினியின் உரிமையாளருக்கே பொருந்தும்படி எழுதினேன். இரண்டுக்கும் ஒரு சொல்தான் வித்தியாசம். என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. நான் கையொப்பமே இடாதவன், என் கணினியில் அது ஓடாமல் என்ன செய்யும்.

மறுநாள் அக்காவின் திரையில் பெட்டி வரவில்லை. எழுந்து வந்து என் மேசைமேல் இரண்டு கடலை மிட்டாய் வைத்தார். “சொன்னத மனசுல வெச்சுகினு செஞ்சீங்களே தம்பி, சந்தோசம்,” என்றார். நான் வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டு நாள் கழித்து, “நான் போடற மாத்தத்துக்கும் கேக்க மாட்டேங்குதே, இன்னாது?” என்று விசாரித்தார். “ஒரு தடவை குடுத்தா ஞாபகம் வெச்சுக்கற மாதிரி ஆயிருக்கும்க்கா,” என்றேன். அது பொய் என்று அந்த நேரத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. உண்மை என்றும் தெரியாது. தெரிந்துகொள்ள அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை. லீட் சொல்கிறான் என்று அவர் நம்பிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு ஒரு புதன்கிழமை, எங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் ஒரு பரிசோதனை நிலையத்திலிருந்து போன் வந்தது. குழந்தைகளின் ரத்த அறிக்கையில் குழந்தைகளுக்கான இயல்பு அளவு வர வேண்டிய இடத்தில் பெரியவர்களுக்கான அளவு அச்சாகியிருந்தது. நான்கு வயதுப் பிள்ளையின் அறிக்கையில் எல்லா வரியிலும் அளவு சரியில்லை என்று காட்டும் நட்சத்திரக் குறி பார்த்து, ஒரு தாய் பயந்துபோய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறுபடி வந்திருக்கிறார். அங்கிருந்த டாக்டர் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் அறிக்கைகளைத் திரும்பப் பெற்று மறுபடி அச்சிட்டார்கள். தவறான மாற்றத்தை ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்து நீக்கினோம். அதில் அக்காவின் பெயர் இருந்தது.

எங்கள் மேனேஜர் ஆவடியிலிருந்து ரயிலில் வந்துபோகிறவர். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். மறுநாள் காலை, லீவில் இருந்த ஒருவரைத் தவிர எல்லோரையும் உட்காரவைத்து, சுவரில் மாற்றங்களின் பட்டியலைக் காட்டினார்.

“இது உங்க பேர்ல இருக்கும்மா.”

“பேரு யாரு வேணாலும் போட்டுக்கலாம் சார். நான் போட்டதுன்னா கையெழுத்து இருக்கும். இதுல இல்ல பாருங்க. இது என்துல்ல.” அக்காவின் குரலில் தயக்கமே இல்லை. அந்த ஒரு நாளுக்காகவே அவர் அத்தனை பெட்டிகளுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

மேனேஜர் பட்டியலை மெல்லக் கீழே நகர்த்தினார். அதற்கு முந்தைய நாள் அக்கா செய்த மாற்றத்திலும் கையொப்பம் இல்லை. அதற்கு முந்தையதிலும் இல்லை. பதினோரு நாட்களாக அக்கா செய்த எதிலும் இல்லை. எந்த நாளில் அது நின்றுபோனது என்று பார்த்தேன். நான் அந்த ஒற்றை வரியைச் சேர்த்ததற்கு மறுநாள் அது.

அக்கா எழுந்து சுவரருகே போய், ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். “இது எப்டி சார்?” என்றார். மேனேஜர் தணிந்த குரலில், “தப்பு யாருக்கும் வரும்மா. ஒத்துக்கிட்டா முடிஞ்சுபோச்சு. நாமளும் அடுத்த வேலையைப் பாக்கலாம்,” என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். “செய்யாதத எப்டி சார் ஒத்துக்கறது?” என்று கேட்டுவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். பழைய அலுவலகத்தில் ஒருமுறை உட்கார்ந்த அதே நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தது போல இருந்தது அவருக்கு என்று பின்னாளில் சொன்னார்.

நான் பேசவில்லை. இதை எத்தனையோ முறை எனக்குள் நியாயப்படுத்திப் பார்த்திருக்கிறேன். முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன், எல்லோர் முன்னாலும் வேண்டாம் என்று நினைத்தேன், அந்த மாற்றத்தை அக்காவே செய்திருந்தாலும் செய்திருக்கலாமே என்றுகூட நினைத்தேன். கடைசியாகச் சொன்னதுதான் மிக மோசமானது. அன்று மாலை எஸ்டேட் நிறுத்தத்தில் அக்கா நிற்பதைத் தூரத்திலிருந்தே பார்த்தேன். தோள்பையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். நான் சாலையைக் கடக்காமல், போனைப் பார்ப்பதுபோல எதிர்ப்பக்கத்திலேயே நின்றேன். பூந்தமல்லி பஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கே போய்விட்டேன். அக்கா வழக்கம்போல எனக்கு முன்னால் வந்திருந்தார். கீழே தொழிற்சாலையில் இன்னும் எந்திரங்கள் ஓடத் தொடங்கவில்லை. அவர் மேசையருகே நின்றபடியே, என் வரியைப் பற்றியும் அது அவருடைய கையொப்பத்தை அணைத்துப் போட்டது பற்றியும் சொன்னேன். ஒருமுறை கொடுத்தால் நினைவில் இருக்கும் என்று நான் வாய்க்கு வந்ததைச் சொன்னதையும் சொன்னேன். முடித்ததும், “எப்போ தெரியும்?” என்றார்.

“நேத்து மீட்டிங்ல. அந்த லிஸ்ட் கீழ போகும்போதே.”

“அப்ப நேத்தே ஏன் சார் சொல்லல?”

தம்பி என்றுதான் அதுவரை கூப்பிட்டிருந்தார். அந்தச் ‘சார்’ எனக்குக் கேட்டது. “பயமா இருந்துச்சு,” என்றேன். அக்கா திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். “நேத்து ராத்திரி எங்க ஊட்டுக்காரர்கிட்ட, நானேதான் மறந்து எங்கியாவது ஆஃப் பண்ணிட்டேன் போலன்னு சொல்லிகினு இருந்தேன். என் மேலயே எனக்கு சந்தேகம் வந்துட்ச்சு சார்.” அவ்வளவுதான் சொன்னார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

பத்து மணிக்கு மேனேஜரிடம், அக்காவையும் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். “தெரிஞ்சே செஞ்சீங்களா?” என்று கேட்டார். என்ன செய்யும் என்று பார்க்காமல் செய்தேன், தெரிந்த பிறகும் ஒருநாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கையொப்பம் ஏன் இல்லை என்பதற்கு இப்போது காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த மாற்றத்தைச் செய்தது அக்கா இல்லை என்பதற்கு அது சான்று ஆகாது. கையொப்பம் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம், அந்தச் சனி ஞாயிறு முழுக்க அப்படியே தொங்கியது.

திங்கட்கிழமை, தங்கை கல்யாணத்துக்காக விழுப்புரம் போயிருந்தவர், வாடிக்கையாளர்களின் குறைகளைக் கவனிக்கும் எங்கள் சப்போர்ட் நண்பர், வேலைக்குத் திரும்பினார். கல்யாண லட்டு டப்பாவைத் திறந்துகொண்டே விஷயத்தைக் கேட்டவர், திறந்த டப்பாவோடு அப்படியே நின்றார். “அது நான் போட்டதுங்க,” என்றார். ஊருக்குப் போகும் அவசரத்தில், மூலையில் இருந்த பொதுக் கணினியில் உட்கார்ந்து, வாடிக்கையாளர் கேட்ட ஒரு சிறிய திருத்தத்தைச் செய்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார். முன்பொருமுறை தன் லேப்டாப் பழுதுக்குப் போயிருந்தபோது அக்கா இரண்டு நாள் அந்தக் கணினியில்தான் வேலை பார்த்தார். அதில் அவர் பெயர் அப்படியே தங்கிவிட்டது. நண்பருக்குத் தன் பெயருக்குப் பதிலாக அக்காவின் பெயர் போனதே தெரியாது. யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. மூன்று பேரின் அசட்டையில் இரண்டு பங்கு என்னுடையது.

மேனேஜர் ஏழு பேரையும் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். டெஸ்ட்கள் இனி அக்காவின் பொறுப்பு என்றார் மேனேஜர். அக்கா தலையசைத்துவிட்டு, என்னைப் பார்த்து, “நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்கு உக்காரலாமா சார்?” என்றார்.

மூன்று நாள் உட்கார்ந்தோம். டெஸ்ட் தொடங்கும்போதெல்லாம் புதிதாக ஒரு வெற்றுக் கோப்புறையை உருவாக்கி, அதுதான் உன் வீடு என்று டெஸ்ட்டிடம் சொல்லிவிட வேண்டும். அதற்கென ஒரு பொய்ப் பெயர், ஒரு பொய்ச் சாவி. முடிந்ததும் எல்லாம் அழிந்துவிட வேண்டும். ஓட்டுகிறவரின் சொந்த அமைப்புகளைப் படிக்கவும் கூடாது, தொடவும் கூடாது. முதல்முறை ஓட்டியபோது ஆறு டெஸ்ட்கள் விழுந்தன. ஆறும் நான் எழுதியவை. என் கணினியில் என் பெயரும் என் அமைப்புகளும் இருந்ததால் மட்டுமே அவை அதுவரை தேறிவந்திருக்கின்றன. “இத்தினி நாளா உங்க தயவுல நின்னுகினு இருந்திருக்கு சார்,” என்றார் அக்கா. அந்த வாரத்தில் அவர் முகத்தில் சிரிப்பு போல ஒன்று தெரிந்தது அப்போதுதான். ஆறையும் திருத்தினேன். கடைசியாக அவர் ஒன்றைச் சேர்த்தார்: டெஸ்ட்டுக்கு முன்னும் பின்னும் உரிமையாளரின் அமைப்புக் கோப்பை ஒப்பிட்டு, ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சத்தம் போடும் டெஸ்ட். என்னைப் போல ஒருவன் மறுபடி ஒரு வரி எழுதினால் பிடிப்பதற்கு என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

‘சார்’ நான்கு மாதம் போலத் தொடர்ந்தது. மரியாதைக்குக் குறைவில்லை, வேலையிலும் குறைவில்லை. எனக்குக் கேட்க வாயும் இல்லை. பிறகு ஒருநாள், கீழே டீ வாங்கப் போனவர் படியிலிருந்தே, “தம்பி, உங்களுக்குச் சக்கர கம்மியா?” என்று குரல் கொடுத்தார். நான் ஆமாம் என்றேன்.

இரண்டு வருடம் கழித்து அக்காவுக்கு கிண்டிப் பக்கம் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அவர் விடைபெற்றுப் போன சில நாட்களில், அந்த நிறுவனத்தின் சார்பாக ஒரு பெண் எனக்கு போன் செய்தார். முன்னாள் லீட் என்ற முறையில் சில கேள்விகள். வேலை எப்படி, நேரத்துக்கு வருவாரா, இப்படி. கடைசியில், “அவங்க பேர்ல எதாவது இன்சிடென்ட் பதிவாகியிருக்கா சார்?” என்றார். இல்லை என்று சொன்னால் முடிந்தது. அது உண்மையும்கூட. மேனேஜர் எதையும் எழுத்தில் வைத்திருக்கவில்லை. ஆனால் எங்காவது யாராவது அரைகுறையாகக் கேள்விப்பட்டு, அந்தப் பரிசோதனை நிலையத்துக் கதையை அக்காவின் பெயரோடு சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. பெயர் எவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்ளும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

“ஒண்ணு நடந்துச்சுங்க. அவங்க பேர் அடிபட்டுச்சு. தப்பு என்னோடது,” என்று தொடங்கி, பஸ் நிறுத்தத்தில் எதிர்ப்பக்கம் நின்றது வரை சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, “சார், இந்த ஃபார்ம்ல ஆமா, இல்லைன்னு ரெண்டுதான் இருக்கு. நீங்க சொன்னத எழுத எடமில்ல. இல்லைன்னு போட்டுக்கட்டுமா?” என்றார். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

ஒரு வாரம் கழித்து அக்கா கூப்பிட்டார். புது அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். பின்னால் தட்டுகளின் சத்தம் கேட்டது.

“இன்னா தம்பி, அந்தப் பொண்ணுகிட்ட இன்னாத்த சொல்லி வெச்சீங்க? ‘உங்களப் பத்திக் கேக்கப் போனா, உங்க பழைய லீட் அவரு மேலயே கம்ப்ளெய்ன்ட் குடுக்கறாரு’ன்னு எங்கிட்ட வந்து சொல்லுது.”

“சொல்லணும்னு தோணுச்சுக்கா.”

அக்கா தன் தட்டைத் தள்ளி வைக்கும் சத்தம் கேட்டது.

“எனக்காக இன்னிவரைக்கும் யாரும் வெளியாள்கிட்ட தப்பு என்துன்னு சொன்னதில்ல தம்பி,” என்றார். பிறகு, சாப்பாடு ஆறுகிறது என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.